விர்ச்சுவல் டெஸ்க்டாப்புக்கு வீடியோ மெமரி எவ்வளவு வைப்பது? காரைக்குடித் தம்பிக்கு ஒரு விரிவான பதில்

தம்பி, உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட மாதிரி முதலில் சொல்லிவிடுகிறேன். காரைக்குடியில் கட்டட வரைபட அலுவலகம் வைத்திருக்கிறீர்கள். பழைய வீடுகளை அளந்து வரைவதும், புதுப்பிக்கிறவர்களுக்கு 3டி படம் போட்டுக் காட்டுவதும் வேலை. ஆளுக்கொரு புதுக் கம்ப்யூட்டர் வாங்குவதற்குப் பதிலாக 16 கோர், 128 ஜிபி ரேம் உள்ள ஒரு சர்வரை வாங்கி, ப்ராக்ஸ்மாக்ஸ் (ஒரே சர்வருக்குள் பல கம்ப்யூட்டர்களை ஓட்டும் மென்பொருள்) போட்டு, அதில் 10 விண்டோஸ் விஎம், அதாவது விர்ச்சுவல் கம்ப்யூட்டர், ஓட்டுகிறீர்கள். எட்டுப் பேர் ஆட்டோகேடில் 2டி, இரண்டு பேர் ஸ்கெட்ச்அப். அவர்கள் மேசையில் இருப்பவை பழைய கம்ப்யூட்டர்கள், அவற்றிலிருந்து ஆர்டிபி (விண்டோஸின் ரிமோட் டெஸ்க்டாப்) வழியாக உள்ளே போகிறார்கள். நீங்கள் மட்டும் அவ்வப்போது ஒரு விஎம்மை ஸ்பைஸ் (விஎம்மின் திரையைத் தொலைவிலிருந்து பார்க்க ப்ராக்ஸ்மாக்ஸ் தரும் வழி) வழியாக உங்கள் 4கே மானிட்டரில் திறந்து பார்க்கிறீர்கள். படம் இழுத்து இழுத்து நகர்கிறது என்று எல்லா விஎம்மிலும் டிஸ்ப்ளே மெமரியை 16 எம்பியிலிருந்து 128 ஆக்கினீர்கள், அப்புறம் 512 ஆக்கினீர்கள், விண்டோஸை ரீஸ்டார்ட் செய்தீர்கள், ஒன்றும் மாறவில்லை. 4கே ரெசல்யூஷனும் வரவில்லை. ஸ்கெட்ச்அப் திறக்கவே மாட்டேன் என்கிறது. இப்போது 16 ஜிபி கார்டு ஒன்று வாங்கிப் பத்துப் பேருக்கும் பிரித்துக் கொடுக்கலாமா என்று கேட்கிறீர்கள்.

கார்டை இன்னும் வாங்காதீர்கள். உங்களிடம் இருப்பது ஒரு பிரச்சினை இல்லை, மூன்று. மூன்றுக்கும் வீடியோ மெமரி என்று ஒரே பெயர் இருப்பதால் ஒன்றில் கை வைத்துவிட்டு இன்னொன்று சரியாகும் என்று காத்திருக்கிறீர்கள். உங்கள் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை, மென்பொருள் செய்கிறவர்களே இந்தச் சொல்லை அப்படித்தான் கலந்து புழங்குகிறார்கள்.

முதலில் அந்த 16, 128, 512 என்கிற எண்ணைப் பார்ப்போம். ப்ராக்ஸ்மாக்ஸில் விஎம்மின் ஹார்ட்வேர் பக்கத்தில் டிஸ்ப்ளே என்ற வரியில் மாற்றினீர்களே, அது எந்த கிராஃபிக்ஸ் கார்டின் மெமரியும் இல்லை, சர்வரின் சாதாரண ரேமிலிருந்து கிள்ளி எடுத்த ஒரு துண்டு. விண்டோஸுக்கு ஒரு டிஸ்ப்ளே அடாப்டர் இருப்பதாகக் காட்டுகிறார்கள், அந்த அடாப்டருக்குத் திரையில் தெரிய வேண்டிய படத்தைப் புள்ளி புள்ளியாக எழுதி வைக்க ஓர் இடம் வேண்டும், அந்த இடத்தின் அளவுதான் இந்த எண். பட்டாலைக்கு (வீட்டுக் கூடத்துக்கு) ஆத்தங்குடிப் பூக்கல் எத்தனை வேண்டும் என்று நீங்கள் எப்படிக் கணக்குப் போடுவீர்கள்? நீளவாக்கில் எத்தனை, அகலவாக்கில் எத்தனை, இரண்டையும் பெருக்கி, உடைசலுக்குக் கொஞ்சம் சேர்த்துக்கொள்வீர்கள். திரைக்கும் அதே கணக்குதான். 1920-ஐ 1080-ஆல் பெருக்கினால் 20,73,600 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் 4 பைட், ஆக 82,94,400 பைட், அதாவது 8 எம்பிக்குச் சற்றுக் குறைவு. ஒரு ஃபுல் ஹெச்டி திரைக்குத் தேவை அவ்வளவுதான். 2560-க்கு 1440 திரை என்றால் சுமார் 14 எம்பி. 3840-க்கு 2160, நீங்கள் வாங்கியிருக்கும் 4கே, அதற்கு 31.6 எம்பி.

இப்போது பாருங்கள், ப்ராக்ஸ்மாக்ஸ் தானாக வைப்பது 16 எம்பி. அதில் 14 எம்பி திரை அடங்கும், 31.6 எம்பி திரை அடங்காது. 32 வைத்தால் 4கே மயிரிழையில் அடங்கும், 64 வைத்தால் தாராளம். அதற்கு மேல் எத்தனை வைத்தாலும் அது காலியாகக் கிடக்கும் இடம். தரைக்கு வேண்டிய கல்லை விட நான்கு மடங்கு கல் கொண்டுவந்து இறக்கினால் கொத்தனாரின் கை வேகமாகிவிடுமா? 512 போட்டும் படம் இழுத்ததற்குக் காரணம் அதுதான். இந்த எண் எவ்வளவு பெரிய படம் வரும் என்பதைத் தீர்மானிக்கிறது, எவ்வளவு வேகமாக வரும் என்பதை இல்லை.

512 வைத்தும் ஏன் 4கே வரவில்லை என்று கேட்பீர்கள். நீங்கள் விண்டோஸுக்குள் ரீஸ்டார்ட் கொடுத்தீர்கள். அது போதாது. விண்டோஸ் தன்னைத்தானே மறுபடி ஏற்றிக்கொள்ளும்போது வெளியே இருக்கும் விஎம், அதாவது அதை ஓட்டுகிற க்யூஇஎம்யூ என்கிற ப்ராசஸ், பழைய அமைப்போடு அப்படியே ஓடிக்கொண்டிருக்கிறது. விஎம்மை முழுக்க ஷட்டவுன் செய்து, ப்ராக்ஸ்மாக்ஸிலிருந்து மறுபடி ஸ்டார்ட் கொடுக்க வேண்டும். ஹார்ட்வேர் பக்கத்தைத் திறந்து பாருங்கள், மாற்றம் இன்னும் காத்திருக்கிறது என்றால் டிஸ்ப்ளே வரி வேறு நிறத்தில் தெரியும். நான் போய்ப் பார்க்கிற இடங்களில் பாதிக்கு மேல் இதே கதை. மாற்றி வைத்துவிட்டு ஒரு மாதமாக அது செயலுக்கே வராமல் கிடக்கும்.

ஸ்பைஸில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். இரண்டு மானிட்டர் கேட்டு அமைத்தால், விண்டோஸ் விஎம்மாக இருந்தால் ப்ராக்ஸ்மாக்ஸ் மானிட்டருக்கு ஒரு அடாப்டர் என்று தனித்தனியாகக் கொடுக்கும், நீங்கள் எழுதிய எண் ஒவ்வொன்றுக்கும் தனியாகப் போகும். 64 எழுதி இரண்டு மானிட்டர் வைத்தால் 128 எம்பி போகிறது. பத்து விஎம்மிலும் 512 எழுதி வைத்திருக்கிறீர்களே, அது 5 ஜிபி. விஎம்முக்கு நீங்கள் ஒதுக்கிய ரேமுக்கு மேலே தனிக் கணக்கில் சேர்வது அது. 128 ஜிபியில் 5 ஜிபி என்றால் பெரிதாகத் தெரியாது, ஆனால் பிரயோசனம் இல்லாத இடத்தில் ஏன் கட்டிப்போட வேண்டும்? ஸ்பைஸில் திறக்கும் விஎம்முக்கு 64, மற்ற ஒன்பதுக்கும் பழையபடி 16 என்று திருப்பி வையுங்கள்.

மற்ற ஒன்பதுக்கும் 16 போதும் என்று நான் தைரியமாகச் சொல்வதற்குக் காரணம் ஆர்டிபி. இதைப் பலரும் கவனிப்பதே இல்லை. ஆர்டிபியில் உள்ளே நுழைந்த உடனே விண்டோஸ் அந்த க்யூஇஎம்யூ அடாப்டரை ஓரமாக வைத்துவிட்டு, தன்னுடைய சொந்த ரிமோட் டிஸ்ப்ளே டிரைவரைப் பிடித்துக்கொள்கிறது. ரெசல்யூஷன் எவ்வளவு, மானிட்டர் எத்தனை என்பதெல்லாம் மேசையில் இருக்கும் கம்ப்யூட்டர் சொல்வதுதான். நீங்கள் டிஸ்ப்ளே வரியில் 16 எழுதினாலும் 512 எழுதினாலும் ஆர்டிபியில் இருப்பவருக்கு அது தெரியாது. சந்தேகம் இருந்தால் ஒரு விஎம்மில் இரண்டையும் மாற்றி மாற்றி வைத்துப் பாருங்கள், கால் மணி நேர வேலை. உங்கள் 4கே மானிட்டரிலும் ஆர்டிபி வழியாகவே போகலாம், ஆனால் அதைச் செருகியிருக்கும் கம்ப்யூட்டர் 4கே தரக்கூடியதாக இருக்க வேண்டும். பழைய ஹெச்டிஎம்ஐ 1.4 துளையில் 4கே வந்தாலும் 30 ஹெர்ட்ஸ்தான் வரும், மவுஸை நகர்த்தினாலே கண்ணுக்கு உறுத்தும்.

சரி, அப்படியானால் படம் ஏன் இழுக்கிறது?

உங்கள் சர்வரில் கிராஃபிக்ஸ் கார்டு இல்லை. அப்போது கோடு போடுவது, நிழல் அடிப்பது, ஜன்னலை நகர்த்துவது எல்லாமே சிபியுதான். டைரக்ட்எக்ஸ் (விண்டோஸின் சொந்த கிராஃபிக்ஸ் முறை) கேட்கிற மென்பொருளுக்கு விண்டோஸ் 7 காலத்திலிருந்தே வார்ப் என்று ஒன்று இருக்கிறது, ஜிபியு, அதாவது கிராஃபிக்ஸ் கார்டின் சிப், செய்ய வேண்டிய வேலையை சிபியு செய்து கொடுக்கும். ஆட்டோகேட் அதன் மேல் ஓடிவிடும், ஆனால் சிபியுவைத் தின்னும். வரைந்து முடித்த படத்தைச் சுருக்கி நெட்வொர்க்கில் அனுப்புவதும் அதே சிபியுதான். சுருக்காமல் அனுப்ப முடியுமா என்றால் முடியாது. ஒரு ஃபுல் ஹெச்டி படம் 8 எம்பி, நொடிக்கு 30 படம் என்றால் 250 எம்பி, கிட்டத்தட்ட 2 ஜிகாபிட். உங்கள் அலுவலகத்து சுவிட்ச் 1 ஜிகாபிட். ஒருவருக்கே தாங்காதது பத்துப் பேருக்கு எங்கே தாங்கும்? அதனால் மாறிய பகுதியை மட்டும் எடுத்துச் சுருக்கி அனுப்புகிறார்கள், ஒருவர் பெரிய பிளானை ஜூம் செய்யும்போது திரை முழுக்க மாறுகிறது, அந்த நேரத்தில் சிபியு திணறுகிறது, பக்கத்தில் இருப்பவருக்கும் இழுக்கிறது.

ஆகவே 2டி எட்டுப் பேருக்குச் செய்ய வேண்டியது மெமரி ஏற்றுவது இல்லை. ஆட்டோகேடில் கிராஃபிக்ஸ்கான்ஃபிக் என்று தட்டினால் ஒரு பெட்டி வரும், அதில் ஹார்ட்வேர் ஆக்சலரேஷனை அணைத்துப் பாருங்கள். கார்டு இல்லாத இடத்தில் அது பெரும்பாலும் உதவியை விட உபத்திரவம்தான். அப்புறம் விஎம் ஒன்றுக்கு எத்தனை கோர் கொடுத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். எல்லோருக்கும் 8, 8 என்று கொடுத்தால் 16 கோரில் 80 கேட்பதாக ஆகிவிடும், ஒருவருக்காக ஒருவர் காத்துக் கிடப்பார்கள். ஆட்டோகேட் 2டி வேலையில் பெரும்பகுதி ஒரே கோரில்தான் ஓடுகிறது, 4 கொடுத்தால் போதும். டிஸ்க்கும் நெட்வொர்க்கும் விர்ட்ஐஓ (விஎம்முக்கென்றே செய்த வேகமான) வகையில் இருக்கின்றனவா, விண்டோஸுக்குள் அந்த டிரைவர்கள் ஏறியிருக்கின்றனவா என்பதையும் பாருங்கள். இவற்றைச் செய்துவிட்டு, டாஸ்க் மேனேஜரில் சிபியுவைப் பார்த்துக்கொண்டே ஒரு பிளானை ஜூம் செய்யச் சொல்லுங்கள். குறை எங்கே என்று கண்ணாலேயே தெரிந்துவிடும்.

வைஃபையில் யாரையும் வைக்காதீர்கள். உங்கள் அலுவலகம் பழைய வீட்டில் என்று எழுதியிருக்கிறீர்கள். நம் பக்கத்துச் சுவர்களைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முகப்பில் ரவுட்டரை வைத்து இரண்டாம் கட்டில் உட்கார்ந்து ஆர்டிபி போட்டால் படம் நின்று நின்றுதான் வரும். அதை கிராஃபிக்ஸ் கோளாறு என்று நினைத்து நாள் கணக்கில் தேடியவர்களை எனக்குத் தெரியும். சுவரைத் துளைக்க மனம் வராது, வரவும் வேண்டாம், நிலைக்கு மேலே கட்டையோடு கட்டையாக ஒரு கேபிளை ஓட்டிவிடலாம்.

இனி ஸ்கெட்ச்அப். இங்கேதான் உண்மையான வீடியோ மெமரி வருகிறது. ஸ்கெட்ச்அப்பின் வழக்கமான கிராஃபிக்ஸ் எஞ்சின் ஓபன்ஜிஎல் என்கிற 3டி வரையும் முறையை நம்பி எழுதப்பட்டது (2024 வெளியீட்டில் வந்த புது எஞ்சின் விண்டோஸில் டைரக்ட்எக்ஸ் 12 கேட்கிறது, அதற்கும் கார்டு வேண்டும்). கார்டும் அதன் டிரைவரும் இல்லாத விண்டோஸில் மைக்ரோசாஃப்ட் வைத்திருக்கும் ஓபன்ஜிஎல் 1.1-ஓடு நின்றுவிட்டது. ஸ்கெட்ச்அப்பின் வழக்கமான எஞ்சின் 3.1-ஆவது வேண்டும் என்கிறது. அதனால்தான் திறக்க மறுக்கிறது. டிஸ்ப்ளே வரியில் எந்த எண்ணைப் போட்டாலும் இது மாறாது. ப்ராக்ஸ்மாக்ஸ் பட்டியலில் விர்ஜிஎல் என்று ஒன்று இருப்பதைப் பார்த்து ஆசைப்படாதீர்கள், அது லினக்ஸ் விஎம்முக்கு, விண்டோஸுக்கு உதவாது. இந்த இரண்டு பேருக்கு நிஜமான ஜிபியு வேண்டும்.

நிஜமான ஜிபியுவில் மெமரி எதற்குப் போகிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம், ஏனென்றால் உங்கள் தொழிலில் அது மற்றவர்களை விட அதிகமாகப் போகும். திரைப் படத்துக்கு 8 எம்பி என்றோமே, அது வெறும் தொடக்கம். கோடுகளின் பிசிறைச் சரிசெய்ய ஆன்டி-அலையாசிங் 4 மடங்கு வைத்தால், நிறத்துக்கு 4 மடங்கு, எது முன்னே எது பின்னே என்கிற ஆழக் கணக்குக்கு 4 மடங்கு, ஃபுல் ஹெச்டியில் 64 எம்பி. அதே 4கே திரையில் 8 மடங்கு வைத்தால் 500 எம்பியைத் தாண்டும். இது இன்னும் மாடலைத் தொடாத கணக்கு.

பெரிய தீனி டெக்ஸ்சர். நீங்கள் பூக்கல் தரையைப் படம் பிடித்து, செதுக்கு வேலை உள்ள நிலைக்கதவைப் படம் பிடித்து, அந்தப் படங்களை மாடலில் ஒட்டுகிறீர்கள். ஃபோனில் எடுத்த படம் டிஸ்க்கில் 3 எம்பிதான் என்று தோன்றும், ஆனால் ஜேபெக்காகச் சுருங்கியிருப்பதால்தான் 3 எம்பி. ஜிபியுவுக்குள் போகும்போது அது விரிந்து புள்ளிக்கு 4 பைட் என்று உட்காரும். 4096-க்கு 4096 அளவுள்ள ஒரு டெக்ஸ்சர் 64 எம்பி. தூரத்தில் தெரியும்போது காட்ட வேண்டிய சின்னச் சின்னப் பிரதிகளையும் சேர்த்தால் மூன்றில் ஒரு பங்கு கூடும், சுமார் 85 எம்பி. ஸ்கெட்ச்அப் வழக்கமாகப் பெரிய படத்தை 1024 அளவுக்குக் குறைத்துத்தான் ஏற்றும், அப்போது ஒரு டெக்ஸ்சர் 4 எம்பியோடு முடிந்துவிடும். ஓபன்ஜிஎல் அமைப்பில் யூஸ் மேக்சிமம் டெக்ஸ்சர் சைஸ் என்று ஒரு டிக் இருக்கிறது, அதைப் போட்டால் ஒவ்வொன்றும் 16 மடங்கு ஆகிறது. உங்கள் ஸ்கெட்ச்அப் ஆட்கள் இருவரில் ஒருவர் அதைப் போட்டு வைத்து, ஒரு வீட்டு மாடலில் இப்படி 30 படம் ஒட்டியிருந்தால் அதுவே 2.5 ஜிபி. மெமரி நிரம்பினால் விண்டோஸ் உடனே பிழை காட்டாது, மீதியை சாதாரண ரேமில் வைத்துக்கொண்டு பிசிஐ வழியாக எடுத்து எடுத்துப் போடும். இதுவரை நன்றாகச் சுற்றிக்கொண்டிருந்த மாடல் ஒரு அறைக்குள் போனவுடன் திடீரென்று தத்தளித்தால் அதுதான் அடையாளம். கல்லை நெருக்கத்தில் காட்ட வேண்டிய தரைக்கு மட்டும் பெரிய படம் வையுங்கள், மற்றதற்கெல்லாம் 1024 போதும். இந்த ஒரு ஒழுங்கு இருந்தால் 4 ஜிபி கார்டிலேயே பெரிய வீட்டை ஓட்டிவிடலாம்.

16 ஜிபி கார்டு ஒன்றைப் பத்தாகப் பிரிப்பது பற்றி. நீங்கள் எழுதியதைப் பார்த்தால் என்விடியா டி4 (சர்வருக்கான 16 ஜிபி கார்டு) மாதிரி ஒன்றை மனதில் வைத்திருக்கிறீர்கள். விஜிபியு என்கிற முறையில் அதைப் பிரிக்க முடியும், என்விடியாவும் தன் விஜிபியு மென்பொருளின் 18-ஆம் வெளியீட்டிலிருந்து ப்ராக்ஸ்மாக்ஸை அதிகாரபூர்வமாக ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஆனால் எப்படிப் பிரிகிறது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். நம் பக்கத்தில் ஒரே வீட்டில் நாலு புள்ளி (கல்யாணமான ஒவ்வொரு குடும்பமும் ஒரு புள்ளி) இருந்தால் என்ன வழக்கம்? ஆளுக்கொரு அறை, சாவி அவரவரிடம். ஒரு புள்ளி சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருந்து வருடத்துக்கு ஒரு முறை வந்தாலும் அந்த அறை பூட்டியேதான் இருக்கும், பக்கத்து அறையில் நெருக்கடி என்று யாரும் அதைத் திறந்து படுக்க முடியாது. வளவும் முற்றமும் மட்டும் பொது. விஜிபியுவில் மெமரி அந்த அறை மாதிரி, விஎம் ஸ்டார்ட் ஆகும்போதே ஒதுக்கிப் பூட்டிவிடும், அவர் பயன்படுத்தினாலும் சரி, சும்மா வைத்திருந்தாலும் சரி. கார்டின் கணக்குப் போடும் திறன் மட்டும் முற்றம் மாதிரி, முறை வைத்து எல்லோரும் புழங்குவது.

அதோடு, சாதாரண அமைப்பில் ஒரு ஜிபியுவில் எல்லா அறையும் ஒரே அளவாக இருக்க வேண்டும். 17-ஆம் வெளியீட்டிலிருந்து சில கார்டுகளில் அளவு கலந்து வைக்கவும் வழி செய்திருக்கிறார்கள், ஆனால் அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். 16 ஜிபியை 1 ஜிபியாக வெட்டினால் 16 பேர், 2 ஜிபியாக வெட்டினால் 8 பேர், 4 ஜிபியாக வெட்டினால் 4 பேர். உங்களுக்குப் பத்துப் பேர், ஆகவே 1 ஜிபி வெட்டு. ஸ்கெட்ச்அப் ஆட்கள் இரண்டு பேருக்கும் அது பற்றாது, 2டி எட்டுப் பேரும் தங்கள் பங்கில் பாதியைக்கூடத் தொட மாட்டார்கள், வெட்டாமல் மிச்சம் கிடக்கும் 6 ஜிபி யாருக்கும் இல்லை. இதற்கு மேல் விஜிபியுவுக்கு ஆளுக்கொரு லைசென்ஸ் காசு உண்டு, லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் சிறிது நேரத்தில் வேகத்தை அதுவே குறைத்துவிடும். ஐம்பது நூறு பேர் இருக்கிற இடத்தில் இது நல்ல ஏற்பாடு. உங்களுக்கு வேண்டாம்.

டி4-ஐப் பற்றி இன்னொரு எச்சரிக்கை, இதை நான் நேரில் பட்டு அறிந்தது. தேவகோட்டைப் பக்கம் ஒரு அலுவலகத்தில் பழைய விலைக்கு வாங்கிய டி4 ஒன்றைச் சாதாரண டவர் கேபினெட்டில் செருகியிருந்தார்கள். சித்திரை வெயில். அந்தக் கார்டில் ஃபேன் கிடையாது, சர்வர் பெட்டியின் முன்பக்க ஃபேன்கள் காற்றைத் தள்ளும் என்ற நம்பிக்கையில் செய்யப்பட்டது. 70 வாட்தான் இழுக்கும், கூடுதல் மின் கேபிள்கூட வேண்டாம், அதனால் யாருக்கும் பயம் வரவில்லை. காலையில் நன்றாக ஓடும், 11 மணிக்கு மேல் மாடல் நகராது. பக்கக் கதவைக் கழற்றி வைத்து எதிரே ஒரு பெடஸ்டல் ஃபேனை ஓட விட்டிருந்தார்கள். நான் உட்கார்ந்து என்விடியா-எஸ்எம்ஐ என்கிற கருவி காட்டும் சூட்டையும் க்ளாக் வேகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தேன். சூடு ஏற ஏற க்ளாக் படியிறங்கிக்கொண்டே போனது, மெமரியோ 16 ஜிபியில் 1 ஜிபியைக்கூடத் தொடவில்லை. அதுவரை அவர்கள் செய்ததெல்லாம் விஎம்முக்கு மெமரி பங்கை ஏற்றியதுதான். அட்டையை வெட்டி ஒரு குழாய் மாதிரி செய்து, கார்டின் பின்வாயில் ஃபேன் ஒன்றை வைத்துக் கட்டிய பிறகுதான் மத்தியானம் வேலை நடந்தது. ஏசி அறையும் சர்வர் பெட்டியும் இல்லாத இடத்துக்கு ஃபேன் இல்லாத கார்டு வேண்டாம்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் இரண்டு சின்னக் கார்டு வாங்கி, இரண்டு ஸ்கெட்ச்அப் விஎம்முக்கும் ஆளுக்கொன்றாக முழுசாகக் கொடுத்துவிடுவேன். இதைப் பாஸ்த்ரூ என்பார்கள். கார்டின் மெமரி முழுவதும் அந்த ஒரு விஎம்முக்கு, பங்கும் இல்லை, விஜிபியு லைசென்ஸும் இல்லை, எத்தனை எம்பி என்று எழுத வேண்டிய இடமே இல்லை. என்விடியா டி1000 (பெயர் டி4 மாதிரி இருந்தாலும் இது வேறு வகை) 4 ஜிபியிலும் 8 ஜிபியிலும் வருகிறது, 50 வாட், தன் ஃபேனோடு வருகிறது, ஒரே ஸ்லாட்டில் அடங்கும். டெக்ஸ்சர் விஷயத்தில் நான் சொன்ன ஒழுங்கு உங்கள் ஆட்களிடம் வராது என்று தோன்றினால் 8 ஜிபி எடுங்கள். கேமிங்குக்கான ஜிஃபோர்ஸ் மலிவு என்று யாராவது சொல்வார்கள். விஎம்முக்குள் வைத்தால் பிழை எண் 43 காட்டி நின்றுவிடுகிற தொல்லையை 2021-இல் வந்த 465 டிரைவரோடு என்விடியா நீக்கிவிட்டது உண்மைதான், ஆனால் ஆர்டிபி வழியாக ஓபன்ஜிஎல் வாங்குவதில் ஜிஃபோர்ஸுக்கு நெடுநாள் சிக்கல் இருந்திருக்கிறது. உங்கள் ஆட்கள் உட்கார்வதே ஆர்டிபியில் என்பதால் தொழில்முறை வரிசையிலேயே நில்லுங்கள்.

பாஸ்த்ரூ அமைக்கும்போது பயாஸில் விடி-டி, ஏஎம்டி என்றால் ஐஓஎம்எம்யூ, அதை இயக்க வேண்டும் (கார்டை விஎம்முக்கு நேரடியாகக் கொடுக்க வழிசெய்வது அதுதான்). விஎம்மின் மெஷின் வகையை க்யூ35 என்றும் பயாஸை ஓவிஎம்எஃப் என்றும் வைப்பது நல்லது, ஏற்கெனவே வேறு வகையில் நிறுவிய விண்டோஸை அப்படியே மாற்றினால் பூட் ஆகாமல் போகலாம் என்பதால் இந்த இரண்டு விஎம்மையும் புதிதாகவே நிறுவிவிடுங்கள். அந்த விஎம்முக்கு எழுதிய ரேம் முழுவதும் ஸ்டார்ட் ஆகும்போதே பிடித்து வைக்கப்படும், 32 ஜிபி எழுதினால் 32-ம் போய்விடும், பலூன் முறையில் மற்றவர்களோடு பகிர முடியாது. உங்கள் 128-இல் இந்தக் கணக்கை முதலிலேயே கழித்துக்கொண்டு மீதி எட்டுப் பேருக்குப் பிரியுங்கள். கார்டு உள்ளே போய் டிரைவரும் ஏறிய பிறகும் ஆர்டிபியில் ஸ்கெட்ச்அப் மெதுவாகவே இருந்தால் பதற வேண்டாம். க்ரூப் பாலிசியில், ரிமோட் செஷன் என்விரான்மென்ட் என்ற பிரிவில், எல்லா ரிமோட் டெஸ்க்டாப் செஷனுக்கும் ஹார்ட்வேர் கிராஃபிக்ஸ் அடாப்டரைப் பயன்படுத்து என்று ஒரு வரி இருக்கிறது, அதை எனேபிள் செய்து விஎம்மை ஒரு முறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். பிறகு டாஸ்க் மேனேஜரில் ஜிபியு பக்கத்தைத் திறந்து, டெடிகேட்டட் ஜிபியு மெமரி என்ற வரைகோட்டைப் பார்த்துக்கொண்டே உங்களிடம் இருப்பதிலேயே கனமான மாடலைச் சுற்றச் சொல்லுங்கள். உச்சத்தில் எங்கே நிற்கிறதோ அதுதான் உங்கள் தேவை.

இதே குழப்பத்தோடு வேறு மென்பொருள் வைத்திருப்பவர்களுக்காகச் சுருக்கமாக. விர்ச்சுவல்பாக்ஸில் செட்டிங்ஸ் ஜன்னல் வழியாக 128 எம்பி வரைதான் நகர்த்த முடியும், கட்டளை வரியில் 256 வரை போகலாம். அங்கேயும் பெரிய திரைக்கு அது போதும், வேகத்துக்கு அது மருந்து இல்லை. கெஸ்ட் அடிஷன்ஸ் (விஎம்முக்குள் நிறுவ வேண்டிய விர்ச்சுவல்பாக்ஸ் டிரைவர்கள்) போடாமல் எந்த எண்ணை மாற்றியும் பயனில்லை. விஎம்வேரில் மானிட்டர் எண்ணிக்கையையும் மொத்த வீடியோ மெமரியையும் எழுதுகிற இடமும் 3டி மெமரி எழுதுகிற இடமும் தனித்தனி, இரண்டையும் ஒன்றென்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அங்கேயும் முழு ஷட்டவுன் செய்து ஸ்டார்ட் கொடுத்தால்தான் மாற்றம் ஏறும். ஹைப்பர்-வியில் ரிமோட்எஃப்எக்ஸ் விஜிபியு என்று பழைய குறிப்புகளில் படித்துவிட்டுத் தேடாதீர்கள், பாதுகாப்புக் குறை காரணமாக 2020 ஜூலையில் அதை அணைத்து 2021 ஏப்ரலில் நீக்கியே விட்டார்கள். வீட்டுக் கம்ப்யூட்டரின் பயாஸில் ஆன்போர்டு கிராஃபிக்ஸுக்கு மெமரி ஏற்றினால் விஎம்முக்குப் போகும் என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். போகாது.

உங்களுக்கு இப்போது ஒரே ஒரு வேலை பாக்கி, கார்டுக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால். மதர்போர்டில் இரண்டு கார்டும் செருக இடம் இருப்பது மட்டும் போதாது, அந்த இரண்டு ஸ்லாட்டும் தனித்தனி ஐஓஎம்எம்யூ குழுவில் (மொத்தமாக ஒரே விஎம்முக்குத்தான் கொடுக்க முடிகிற பாகங்களின் தொகுதி) இருக்க வேண்டும். ஒரே குழுவில் இருந்தால் இரண்டையும் இரண்டு விஎம்முக்குப் பிரித்துக் கொடுக்க முடியாது. யாரிடமாவது ஏதாவது ஒரு பழைய கார்டை இரவல் வாங்கி, முதல் ஸ்லாட்டில் ஒரு முறை, இரண்டாவதில் ஒரு முறை செருகி, ப்ராக்ஸ்மாக்ஸில் பிசிஐ டிவைஸ் சேர்க்கும் பட்டியலைத் திறந்தால் ஐஓஎம்எம்யூ குரூப் என்று ஒரு எண் தெரியும். இரண்டு தடவையும் வந்த எண்ணையும், அந்தக் குழுவில் கூட என்னென்ன இருக்கின்றன என்பதையும், போர்டின் மாடல் பெயரையும் எழுதி அனுப்புங்கள். பார்த்துச் சொல்கிறேன்.